சென்சாருக்கு வைத்த பொட்டு

சந்தனம் காய்ந்தால் இவ்வளவு கெட்டியாகிவிடும் என்பது கிருஷ்ணப்பிரியாவுக்குத் தெரியாது. நெற்றியில் வைத்தால் மத்தியானத்துக்குள் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடுகிற அதே சந்தனம்தான். பித்தளை வலையின் மேல் அப்பியதும் சிமெண்டுப் பூச்சு மாதிரி ஒவ்வொரு கண்ணிலும் இறங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. மேலே வைத்த குங்குமத்தை யாரோ துடைத்திருந்தார்கள். அது இளஞ்சிவப்பாக ஒரு பக்கம் இழுபட்டிருந்தது. சந்தனத்தின் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு நகத்தடம். அவசரத்தில் சுரண்டிப் பார்த்து, வராமல் விட்டுவிட்ட தடம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் தகரக்கூரை போட்ட அந்தச் சின்னக் கம்பெனியின் மாடியில், தன்னுடைய மேஜை முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். குடோனிலிருந்து திரும்பி வந்த வெள்ளைப் பெட்டி செய்தித்தாள் சுற்றலிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது. சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். அதன் முகத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரே ஒரு வட்ட வலை. அறையின் காற்று அதன் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு குழாய், குழாயின் ஒரு முனையில் சின்ன ஸ்பீக்கர், மறுமுனையில் மைக். ஸ்பீக்கர் மனிதக் காதுக்கு எட்டாத ஒரு சத்தத்தைப் போட்டுக்கொண்டே இருக்கும். அது மறுமுனைக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று மைக் கவனித்துக்கொண்டே இருக்கும். வெறும் காற்றென்றால் சத்தம் அதன் வழக்கமான நடையில் வரும். ஹைட்ரஜன் கலந்துவிட்டால் ஓட்டமாக ஓடி வந்துவிடும். அந்த வித்தியாசம் தெரிந்த நொடியில் பெட்டி ஊரைக் கூட்டும். மருந்து பூசிய மற்ற சென்சார்களைப் போல இது கெட்டுப்போகாது, ஈரத்துக்குப் பயப்படாது, வயசாகாது என்று எத்தனை கூட்டங்களில் அவள் மார்தட்டியிருக்கிறாள். வலை அடைத்துக்கொண்டால் கண்டுபிடிக்க ஒரு வழி செய்துவிடலாம் என்று அடுத்த மேஜை ஜெபா சொன்னபோது, கூரைக்குப் பக்கத்தில் மாட்டுகிற பெட்டியை யார் போய் அடைக்கப்போகிறார்கள் என்று சிரித்தவளும் அவள்தான்.

"குடோன் பெட்டியா அது?" என்று ஜெபா இப்போது எட்டிப் பார்த்தாள். "ஆஃப் பண்ணி வெச்சிருந்ததுல பார்க்க என்னடி இருக்கு?"

கிருஷ்ணப்பிரியாவின் கை தானாகப் போய் வலையை மூடிக்கொண்டது.

"ஒண்ணுமில்ல, சும்மா துடைச்சு வைக்கலாம்னு" என்றாள். ஜெபா திரும்பிக்கொண்ட பிறகும் கையை எடுக்கத் தோன்றவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே மறைக்கத் தெரிந்திருந்த அந்தக் கையைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. உள்ளங்கைக்குக் கீழே சந்தனம் சொரசொரவென்று உறுத்தியது. அது அவள் வைத்த பொட்டு.

அவளுக்கும் மாமனார் கங்காதரனுக்கும் நடுவில் கல்யாணத்திலிருந்தே ஒரு சுவர் இருந்தது. கோவில்பதாகையில் ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்த குடும்பம் அவருடையது. நிலமெல்லாம் மனைகளாகப் போன பிறகு, பூந்தமல்லி பக்கம் ஒரு பெரிய குடோனில், சரக்கு தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளின் பேட்டரிகளுக்குச் சார்ஜ் போடும் அறைக்குப் பொறுப்பாளராக இருந்தார். அவளோ ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், அப்பா திருநெல்வேலியிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். கணவன் விக்ரம் கல்லூரியில் கூடப் படித்தவன். 'நம்ம ஜனமா, நம்ம ஊரா' என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்தபின் கங்காதரன் கல்யாணத்துக்கு வந்தார். மணமகனின் அப்பாவாக வராமல், பந்தியை மேற்பார்வை பார்க்க வந்தவர் மாதிரி ஓரமாக நின்றார். அதற்கப்புறம் ஒரே வீட்டில் இருந்தும் அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் எதிரே நின்றுகொண்டிருக்கும்போதே சமையலறையைப் பார்த்து, "புஷ்பா, அந்தப் பொண்ணு சாப்ட்டுச்சான்னு கேளு" என்பார். "இதோ எதிர்க்கத்தான நிக்குது, நீயே கேட்டா வாய்ல கீற முத்து உதிர்ந்துடுமா?" என்று மாமியார் புஷ்பா உள்ளேயிருந்தே திருப்பிக் கொடுப்பாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு டிவியைப் பார்ப்பார்.

அந்தச் சுவரில் ஓட்டை போட்டதே இந்தப் பெட்டிதான். ஒருநாள் சாயங்காலம் கை கழுவிக்கொண்டே குழாயைப் பார்த்து அவர் சொன்னார்: "பேட்டரி சார்ஜ் ஏற சொல்லோ வர்ற கேஸுக்கு வாசனையே இல்ல. வாசன இல்லாதத மிஷினு எப்டி மோந்து பார்க்கும்னு கேளு புஷ்பா."

"மோந்து பார்க்காது மாமா" என்றாள் கிருஷ்ணப்பிரியா. "காதால கேக்கும்."

அவர் குழாயை மூடாமலே திரும்பினார். "கேக்குமா? இன்னாத்த கேக்கும்?"

அதுதான் அவர் அவளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு. அவள் ஈரக்கையோடு அங்கேயே நின்று சொன்னாள். அம்பத்தூர் ஸ்டேஷன் மேம்பாலத்தில் காலை நேரத்தில் ஓட முடியுமா, முடியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓடலாம். காற்று கனம், சத்தம் இடித்துப் பிடித்துத்தான் வரும். ஹைட்ரஜன் லேசு, அதில் சத்தம் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாக ஓடும். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மறுவாரமே குடோன் மேனேஜர் ஜெகதீசனிடம் போய், "எங்க ஊட்டுப் பொண்ணு செய்யுது சார்" என்று சொல்லி, சோதனைக்கு ஒரு பெட்டி மாட்ட அனுமதி வாங்கிவிட்டார். மாட்டிய அன்றைக்கு அவள் சோதனை கேஸ் டப்பாவை வலைக்குப் பக்கத்தில் காட்ட, பெட்டி வீறிட்டதில் எல்லாரும் எகிறிக் குதித்தார்கள். சார்ஜ் போடும் பாண்டியன் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு, "இன்னா நைனா, உன் மருமவ மிஷினு அப்டியே உன்ன மாதிரியே கத்துது" என்றான். கங்காதரன் அவன் முதுகில் ஒன்று வைத்தார். சிரித்துக்கொண்டே வைத்தார். பச்சை விளக்கு எரிந்தால் தைரியமாக உள்ளே போகலாம் என்று அவள் அன்றைக்கு அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. குடோனில் குடும்பத்தோடு வரச் சொல்வது வழக்கம். அவள் பட்டுப்புடவையில் மாமியாரோடு போனாள். சார்ஜரையெல்லாம் நிறுத்தி, தரையைக் கழுவி, வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். விளக்கு ஏற்றினால் காற்றில் அணைந்து அணைந்து போனது. "அந்த எக்ஸாஸ்ட் ஃபேன நிறுத்துங்கடா" என்று சொல்லிக்கொண்டே கங்காதரனே போய் சுவிட்சைத் தட்டினார். ஃபோர்க்லிஃப்டுக்கு, சார்ஜர்களுக்கு, டிஸ்டில்ட் வாட்டர் கேனுக்கு, சுவரில் தொங்கிய மணல் வாளிக்குக்கூடப் பொட்டு வைத்தாயிற்று. கடைசியில் அவர் சந்தனக் கிண்ணத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, இருக்கிற அத்தனை பேர் காதிலும் விழும்படி கூப்பிட்டார்.

"மருமவளே, உன் மிஷினுக்கு நீ வந்து வெய்யி."

மருமவளே. பக்கத்தில் புஷ்பா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டதை அவள் பார்த்தாள். பாண்டியன் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு இரண்டு கால்களையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவள் கொசுவத்தைச் செருகிக்கொண்டு ஏறினாள். பெட்டி முழுக்க வெள்ளை. பொட்டு வைக்கிற மாதிரி இருந்த இடம் அந்த வட்டம் ஒன்றுதான், நெற்றி காட்டிக்கொண்டு நிற்கிற குழந்தை மாதிரி. மூலையில் வைத்திருக்கலாம். பக்கவாட்டில் வைத்திருக்கலாம். விரல் வலைக்கு ஒரு நூல் தள்ளி நின்றது. வேண்டாம் என்று விரலுக்கே தெரிந்தது. கீழே அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் அழகாக வைக்கப்போகிறாள் என்று எல்லா முகங்களும் காத்துக்கொண்டிருந்தன. பூஜை முடிந்ததும் துடைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு அவள் அப்பினாள். பொட்டு வட்டமாக, கச்சிதமாக விழுந்தது. கீழே கை தட்டினார்கள்.

பூஜை முடிந்ததும் பொரிப் பொட்டலம், மேனேஜரின் பாராட்டு, பூசணிக்காய் உடைத்த கூச்சல் என்று மறந்துபோனாள். சாயங்காலம் வீட்டில் சுண்டல் தின்றுகொண்டிருக்கும்போது சட்டென்று நினைவு வந்தது. அப்போது கங்காதரன் போனில் தம்பியிடம், "எம்மருமவதான் வெச்சா, அவ மிஷினுக்கு அவளே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். 'அதைத் துடைக்கணும் மாமா' என்று இப்போது சொன்னால் குற்றம் சொன்ன மாதிரி இருக்கும். லீவு முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சுண்டலை மென்றாள்.

லீவு முடிந்த அன்று தீபாவளிச் சரக்கு வந்து குவிந்தது. பேட்டரிகளையெல்லாம் ஒரே நேரத்தில் சார்ஜில் போட்டார்கள். பூஜைக்கு நிறுத்திய ஃபேனை யாரும் மறுபடி போடவில்லை. வாசனையில்லாத அந்த கேஸ் அறையில் மெல்ல மெல்ல நிரம்பியது. மேலே பெட்டி தன் குழாய்க்குள் அடைபட்ட பழைய காற்றையே கேட்டுக்கொண்டு, எல்லாம் நலம் என்று நின்றது. பாண்டியன் உள்ளே வந்து ஒரு சார்ஜரின் பிளக்கைப் பிடுங்கியபோது தெறித்த பொறியில் பேட்டரியின் மூடி வெடித்துப் பறந்தது. ஆசிட் அவன் முன்கையிலும் இடது கன்னத்திலும் அடித்தது. தண்ணீர்க் குழாய் பக்கத்திலேயே இருந்ததால் கண் தப்பியது.

செய்தி கேட்டு அவள் ஆட்டோ பிடித்து ஓடியபோது மேனேஜர் அறையில் கங்காதரன் தலை குனிந்து நின்றுகொண்டிருந்தார். "மிஷினு சும்மா சும்மா கத்திகினு இருந்துச்சு சார்" என்றார். "தொல்லையா கீதேன்னு நான்தான் ஆஃப் பண்ணி வெச்சேன்."

அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. அத்தனை பேருக்கு முன்னால் கேட்டாள்: "எப்படி மாமா உங்களுக்கு மனசு வந்துச்சு? பாண்டியன் மூஞ்சியப் போய்ப் பாருங்க."

அன்றே அவரை வேலைக்கு வர வேண்டாம், விசாரணைக்குக் கூப்பிட்டால் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். அவள் கம்பெனி முதலாளிக்கு நிம்மதி. தப்பு பெட்டியில் இல்லை, மனிதனிடம்தான் என்று எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னார். வீட்டில் சுவர் திரும்ப எழும்பியது, இந்த முறை அவள் பக்கத்திலிருந்து. "அவரைச் சாப்பிட வரச் சொல்லுங்க அத்தை" என்று அவர் எதிரிலேயே புஷ்பாவிடம் சொன்னாள். புஷ்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தட்டைக் கொண்டுபோய் வைத்தாள்.

இப்போது உள்ளங்கைக்குக் கீழே அந்தப் பொட்டு. ஆஃப் செய்து வைத்திருந்த பெட்டி என்றால் சந்தனம் அடைத்ததும் அடைக்காததும் ஒன்றுதான். அப்படித் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள முடிந்தது. அந்த நகத்தடம்தான் நெருடியது. ஆஃப் செய்து வைத்த பெட்டியின் பொட்டை எதற்காக ஒருவர் அவசரமாகச் சுரண்ட வேண்டும்? மறுநாள் விசாரணை. கிருஷ்ணப்பிரியா பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பாண்டியன் வீடு வேப்பம்பட்டில் இருந்தது. ஸ்டேஷன் வாசலில் ஆப்பிள் வாங்கினாள். வாங்கிய கையோடு அந்தப் பழப் பை அவளுக்கே அசிங்கமாகப் பட்டது. பாண்டியனின் மனைவி யுவராணி பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டு, கலர் சோடா வாங்கிவரக் கடைக்கு ஓடினாள். பாண்டியன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். கன்னத்துக் கட்டுக்கு வெளியே தோல் கருத்துச் சுருங்கியிருந்தது.

"இன்னா மேடம் நீங்க போய் இம்மாந் தூரம்" என்றான். வாயை முழுதாகத் திறக்க முடியாததால் பேச்சு பாதி பல்லுக்குள்ளேயே நின்றது. சிறிது நேரம் வலி, மருந்து, டாக்டர் என்று பேசினார்கள். பிறகு அவனாகவே தயங்கித் தயங்கி ஆரம்பித்தான்.

"ஒண்ணு கேக்கணும் மேடம். பூஜைக்குச் செவுரு கழுவ சொல்லோ தண்ணிய வீசி வீசி அடிச்சேன். மிஷினு உள்ள தண்ணி போயிருக்குமா? அதுல கெட்டுப்போயிருந்தா அது என் தப்பு. அதே நெனப்பா கீது."

"அது ஆஃப்ல இருந்துச்சே பாண்டியன்."

அவன் தலையை மெதுவாக ஆட்டினான். "நான் உள்ள போவ சொல்லோ பச்ச லைட்டு எரிஞ்சிகினுதான் மேடம் இருந்துச்சு. நீங்கதான சொன்னீங்க, பச்ச எரிஞ்சா தைரியமா போலாம்னு. அண்ணாந்து பார்த்துட்டுதான் போனேன். ஆஸ்பத்திரில மேனேஜராண்டகூட சொன்னேன். நைனாதான், அவன் வலில ஒளர்றான் சார், நான் காலைலயே ஆஃப் பண்ட்டேன்னாரு. பெரியவரு சொல்றாரு, நமக்குத்தான் நெனப்பு தப்பிடுச்சி போலன்னு உட்டுட்டேன்."

யுவராணி கலரை நீட்டினாள். கிருஷ்ணப்பிரியா வாங்கிக்கொண்டாள். இப்போது சொல்ல வேண்டும். தண்ணி இல்லை பாண்டியன், நீ ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தபோது மேலே நான் செய்தது என்று சொல்ல வேண்டும். "தண்ணியால இல்ல" என்று மட்டும் சொன்னாள். "நீ எந்தத் தப்பும் பண்ணல." அவன் அதையே ஒரு பெரிய உபகாரம் மாதிரி வாங்கிக்கொண்டு கும்பிடப் பார்த்தான். கட்டுப் போட்ட கை பாதி வரைக்கும்தான் எழும்பியது. அவள் கலரை முழுக்கக் குடித்துவிட்டு எழுந்தாள்.

திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் பை. வெடித்த சத்தம் கேட்டு முதலில் ஓடியவர் கங்காதரன். பாண்டியனைக் குழாயடிக்கு இழுத்துப்போனதும் அவர்தான். அதற்குப் பிறகு அண்ணாந்து பார்த்திருக்கிறார். எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்கையும் அதன் கீழே மஞ்சளாக அடைத்திருந்த பொட்டையும் பார்த்திருக்கிறார். ஸ்டூலில் ஏறி, நகத்தால் சுரண்டி, போகவில்லை என்றதும், வெளியே காலடிச் சத்தம் வருவதற்குள் சுவிட்சை அணைத்திருக்கிறார். அதையெல்லாம் கோத்து முடித்த கணத்தில் அவள் மனசுக்குள் முதலில் வந்தது அழுகை அல்ல. அப்பாடா என்று ஒரு நிம்மதி. யாருக்கும் தெரியாது. நெமிலிச்சேரி வந்து போவதற்குள் அந்த நிம்மதி தானே திரும்பி அவளைப் பார்த்தது. எதிர் சீட்டில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தபோது, தன் முகத்தில் அது எழுதியிருக்குமோ என்று பயந்து அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கங்காதரன் பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கொடியில் அவருடைய வேலைச் சட்டைகள் காய்ந்தன. ஆசிட் பட்டுப் பட்டு எல்லாச் சட்டையிலும் ஊசி முனை அளவுக்கு ஓட்டைகள். வெளிச்சம் பின்னாலிருந்து விழுந்ததில் சல்லடை மாதிரி தெரிந்தன. வேலை இல்லாவிட்டாலும் புஷ்பா அவற்றைத் தினமும் துவைத்துப் போட்டாள்.

அவள் பெட்டியை எடுத்துக் கல்லின் மேல் வைத்தாள். பொட்டு அவரைப் பார்த்தபடி இருந்தது.

"இத நீங்க சுரண்டிப் பார்த்தீங்களா மாமா?"

அவர் அதைத் தொடவில்லை. சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பினார். "புஷ்பா, அந்தப் பொண்ண இத்த நல்லா ஊற வெச்சுக் கழுவி எடுத்து வெக்கச் சொல்லு."

"அத்தை கடைக்குப் போயிருக்காங்க. என்கிட்டயே சொல்லுங்க."

"இன்னாத்த சொல்றது?" என்றார். "ஃபேன நிறுத்துனது நான். போட மறந்தது நான். ஒன்ன ஸ்டூல் மேல ஏத்துனது நான். பொட்டு வெய்யின்னு கிண்ணத்தக் குடுத்தது நான். படிக்காதவன், அதுல அடைச்சிகினா கேக்காதுன்னு எனக்கு இன்னா தெரியும்? இதுல ஒம் பேரு எங்கம்மா வருது? இன்னும் ரெண்டு வருசத்துல எப்டியும் ஊட்ல உக்காரப்போறவன் நானு. நீ இப்பத்தான் ஒரு மிஷினு செஞ்சிருக்க."

"எனக்குத் தெரியும் மாமா" என்றாள் அவள். "வைக்கும்போதே தெரியும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். இதை அவர் எதிர்பார்க்கவில்லை. தன்னைப் போலவே அவளுக்கும் அது தெரியாது என்றுதான் நினைத்திருந்தார். தெரியாத்தனமாக நடந்துவிட்ட ஒன்றைத்தான் அவர் தன் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று இடம் மாறுவதை அவள் பார்த்தாள். பார்க்க முடியாமல் பெட்டியைப் பார்த்தாள்.

"தெரிஞ்சா ஏம்மா வெச்ச?"

"நீங்க கூப்பிட்டீங்க" என்றாள்.

கங்காதரன் எழுந்து கொடியிலிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். இன்னும் ஈரமாக இருந்த சட்டையையும் எடுத்தார். அவளுக்கு முதுகு காட்டியபடியே நின்றார். மருமவளே என்ற அந்த ஒரு வார்த்தையை இத்தனை நாள் கொடுக்காமல் வைத்திருந்தவர் அவர் என்பது இரண்டு பேருக்கும் நடுவில் கல்லின் மேல் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. யாரும் அதைக் கையில் எடுக்கவில்லை.

வேலை முடிந்து வந்த விக்ரமிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கெட்டவன் இல்லை. இருந்தாலும் யோசித்துவிட்டு, அப்பாதான் ஏற்றுக்கொண்டுவிட்டாரே, ஒருவர் பெயர் கெட்டது போதாதா, இரண்டு பெயரும் கெட வேண்டுமா என்று கேட்டான். அவள் கம்பெனிக்கு இந்த ஒரு பெட்டிதான் முதல் வாசல், ஜெபாவின் சம்பளமும் அதில்தான் இருக்கிறது என்பதையும் நினைவுபடுத்தினான். அவன் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பாக இல்லை என்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. சந்தனத்தை வெந்நீரில் ஊற வைத்தால் போய்விடும். ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ் போதும்.

காலையில் அவள் குளித்துவிட்டு வந்தபோது பெட்டி கல்லின் மேலேயே இருந்தது. யாரும் கழுவியிருக்கவில்லை. அதன் மேல் பனி படாமல் ஒரு ஈயத் தட்டைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கங்காதரன் வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். பூந்தமல்லி வரை ஷேர் ஆட்டோவில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். பள்ளத்தில் வண்டி குதித்தபோதெல்லாம் அவள் மடியிலிருந்த பையின் மேல் அவர் கை போய் நின்றுவிட்டுத் திரும்பியது.

குடோனில் ஜெகதீசன், இன்ஷூரன்ஸ்காரர் ஒருவர், அவள் முதலாளி, அவருக்குப் பின்னால் ஜெபா. ஏஸி அறையில் நாற்காலிகள் போட்டிருந்தன. கிருஷ்ணப்பிரியா உட்காரவில்லை. சார்ஜிங் ரூமில் வைத்து ஒன்றைக் காட்ட வேண்டும், ஐந்து நிமிஷம் போதும் என்றாள். முதலாளி புருவத்தைத் தூக்கினார். பெட்டி நன்றாக வேலை செய்வதைக் காட்டப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினார்.

அறையில் இப்போது எக்ஸாஸ்ட் ஃபேன் இரைச்சலாக ஓடிக்கொண்டிருந்தது. சார்ஜர்கள் நின்றிருந்தன. வெடித்த பேட்டரி இருந்த இடத்தில் தரை வெளுத்துப்போயிருந்தது. காய்ந்த மாவிலைத் தோரணம் இன்னும் கதவில் தொங்கியது. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். ஒரு கால் குட்டை போல, ஸ்டூல் ஆடியது. அடுத்த நொடி ஆட்டம் நின்றது. கீழே குனிந்து பார்க்காமலேயே, யாரோ இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டார்கள் என்று தெரிந்தது. ஓட்டை ஓட்டையான சட்டைக் கை ஒன்று கண்ணின் ஓரத்தில் பட்டது.

பெட்டியைப் பழைய ஆணியில் மாட்டி சுவிட்சைப் போட்டாள். பச்சை விளக்கு எரிந்தது. பையிலிருந்து சோதனை கேஸ் டப்பாவை எடுத்து, வெடிக்காத அளவுக்குக் கலந்த கேஸ்தான் என்று கீழே இருந்தவர்களுக்குச் சொல்லிவிட்டு, அதன் குழாயைப் பொட்டுக்கு நேராக ஒட்டிப் பிடித்துத் திறந்தாள். உஸ் என்று கேஸ் வந்தது. போன முறை எகிறிக் குதித்தவர்களில் இரண்டு பேர் வாசலில் நின்றிருந்தார்கள். முன்கூட்டியே காதைப் பொத்திக்கொண்டார்கள்.

பெட்டி கத்தவில்லை.

"என்னம்மா, ஆன்லதானே இருக்கு?" என்றார் ஜெகதீசன்.

ஜெபா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தாள். பொட்டைப் பார்த்துவிட்டாள். அவள் வாய் மெல்லத் திறந்தது. மேஜையில் நேற்று மூடியிருந்த கையும் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும்.

"ஆன்லதான் சார் இருக்கு" என்றாள் கிருஷ்ணப்பிரியா. "அன்னைக்கும் ஆன்லதான் இருந்துச்சு."

யாரோ என்னவோ கேட்டார்கள். முதலாளியின் குரலாக இருக்கலாம். அவள் டப்பாவை மூடவில்லை. கேஸ் உஸ்ஸென்று பொட்டின் மேல் மோதிச் சிதறிக்கொண்டே இருந்தது. காய்ந்த சந்தனத்திலிருந்து ஒரு பொடிகூட உதிரவில்லை. பச்சை வெளிச்சம் அதன் மேல் விழுந்து மஞ்சளைப் பாசி நிறமாக்கியிருந்தது. காலுக்குக் கீழே ஸ்டூல் கொஞ்சமும் அசையாமல் நின்றது.